பாலைவனத்தில் இரண்டு வியாழக்கிழமை

என் குறிப்புப் புத்தகத்தில் 2025 ஜூலை 22ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஒரே வரிதான்: ‘பயணம். பறவைப் பதிவு இல்லை.’ பல வருடங்களாகக் குறிப்பு எழுதுகிறேன். தெரிந்தே நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அந்தப் பொய் எப்படி வந்தது, என் மனைவியின் விரதத்தை அது என்ன செய்தது என்பதைத் திகதிப்படி சொல்கிறேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நானும் மனைவி பவளமும் சிட்னியில், ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நோயாளர்களின் பிறந்த திகதிகளைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன். பவளம் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்தவள். ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் பிடித்தது. ‘பாலைவனத்துக்கு ஒருமுறை போகவேண்டும்’ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேட்டு அலுத்த எங்கள் மகள் துர்க்கா, குசினியும் கட்டிலும் கழிவறையும் உள்ள ஒரு கம்பர் வானைப் பத்து நாளுக்கு வாடகைக்கு எடுத்துத் தந்தாள். கோடையில் போனால் பாலைவனம் ஆளை வறுத்துவிடும். ஜூலைக் குளிரில்தான் போகவேண்டும். அப்படிப் போகிற ஓய்வுகாலத் தம்பதிகளை இந்த ஊரில் ‘நரைத்தலை நாடோடிகள்’ என்பார்கள். எனக்கு நரைக்கத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை.

சிக்கல் ஒன்றுதான். பயணத்தின் நடுவில் ஆடி அமாவாசை வந்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். பவளத்தின் அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானபோது நாங்கள் சிட்னிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. கையில் தற்காலிக விசா. போனால் திரும்பி வரமுடியாது. செத்தவீட்டை அவள் தொலைபேசியில் கேட்டாள். அந்த வருடம் பிடிக்கத் தொடங்கிய விரதத்தை ஒரு தடவையும் விட்டதில்லை. இரட்டை ஷிப்ட் வேலை நாளிலும் பிடித்தாள், நூற்றிரண்டு பாகை காய்ச்சலிலும் பிடித்தாள். அப்பாவுக்குச் செய்ய அவளிடம் இருப்பது அது ஒன்றுதான்.

“பாலைவனத்தில அமாவாசை வராதோ? எங்கயும் வரும்தானே. போவம்,” என்றாள்.

அமாவாசை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்திலிருந்து சிட்னி நேரத்துக்கு மாற்றிச் சொல்வது எங்கள் வட்டாரத்தில் என் வேலை. ஐந்தாறு குடும்பங்கள் என்னைக் கேட்டுத்தான் விரதம் பிடிக்கும். கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை, 24ஆம் திகதி காலை தொடங்கி வெள்ளி விடியும் முன் முடிகிறது. சந்தேகமே இல்லை.

ஜூலை 18, வெள்ளி. எட்டு மணிக்குப் புறப்படுவதாகத் திட்டம். ஆறு மணிக்கே பவளம் கைப்பையோடு கதவருகே நின்றாள். இது அவளுடைய அப்பாவின் சுபாவம். மனிதர் ஆறரை மணி ரயிலுக்கு நாலரைக்கே ஸ்டேசனில் போய் இருப்பவராம். குளிர்பெட்டியில் வாழையிலை, ஒரு சின்னப் பொதி காத்தோட்டிக்காய், ஒரு குத்துவிளக்கு, அப்பாவின் படம். ஆடி அமாவாசைச் சமையலில் கசப்பான காத்தோட்டிக்காய் இருந்தாகவேண்டும் என்பது யாழ்ப்பாணத்து வழக்கம். ஹோம்புஷ் கடையில் அது கடைசிப் பொதி. ஒரு கறிக்குத்தான் காணும்.

நானும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டி, தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை. வீட்டில் காலையில் விளக்கேற்றியதும் பவளம்தான் கிழிப்பாள். வானில் அதை நான் சாரதி இருக்கைக்குப் பின்னால் கட்டினேன். பறவை பார்க்க நான்தான் முதலில் எழும்புவேன் என்பதால், இனி நான் கிழிக்கிறேன் என்றேன். சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் கேட்டாளா என்பது தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு. பின்னேரம் புரோக்கன் ஹில் வந்து சேர்ந்தோம். சுரங்கங்களால் உண்டான ஊர். நகர நடுவிலேயே மலைபோல் சுரங்கக் கழிவு குவிந்து கிடக்கிறது. ஊர் சிட்னி இருக்கிற அதே மாநிலம். கடிகாரம் மட்டும் பக்கத்து மாநிலத்தது, அரை மணி பின்னே. என் தொலைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. பவளத்தினது மாற்றவில்லை. ஊரைவிட்டுக் கொஞ்சம் வெளியே போனதும் என்னுடையது பழைய நேரத்துக்குத் தாவியது. திரும்பி வந்தபோது மறுபடி தாவியது. பறவைக் குறிப்புக்கு நேரம் முக்கியம். எந்த நேரத்தை எழுதுவது?

“ரெண்டையும் நிப்பாட்டுங்கோ. உங்கட கைமணிக்கூடு இருக்கு, கலண்டர் இருக்கு. பேந்தென்ன?” என்றாள் பவளம்.

நாங்கள் போகும் இடத்தில் எப்படியும் சிக்னல் கிடையாது. கைமணிக்கூட்டில் திகதி காட்டும் வசதியும் கிடையாது. இரண்டு தொலைபேசிகளையும் அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டேன். காகிதம் தாவாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உணவகத்தில் ‘சீஸ் ஸ்லோ’ என்று ஒன்று தந்தார்கள். இந்த ஊரின் பெருமையாம். துருவிய கரட், துருவிய சீஸ், மேலே மயோனைஸ். பவளம் முள்ளுக்கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, “சம்பல் செய்ய வெளிக்கிட்டு வழி மாறிப் போட்டினம்,” என்றாள். முழுவதையும் சாப்பிட்டாள்.

ஜூலை 21, திங்கள். விடிய எழுந்து 20ஆம் திகதித் தாளைக் கிழித்தேன். பிறகு ஊருக்கு அப்பால், முகாமிட இடம் வாடகைக்கு விடுகிற ஒரு ஆட்டுப்பண்ணைக்குப் புறப்பட்டோம். மண் சாலை. மேல் அலுமாரியின் பூட்டை அழுத்தாமல் விட்டிருக்கிறேன். முதல் குலுக்கலிலேயே முறுக்கு டின் பவளத்தின் தோளில் விழுந்தது. இரண்டாவது குலுக்கலில் புட்டுமா. வானை நிறுத்திப் பார்த்தால் வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. பவளம் புருவம் வரை மாவாக நின்று, “பறவை ஏதும் தெரியுதோ?” என்று கேட்டாள்.

பண்ணையில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் வற்றிப்போன ஓடையின் கரை. மண் இரத்தச் சிவப்பு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் யாராவது இதைப் பார்த்தால் அன்றைக்கே கிணறு வெட்டத் தொடங்கிவிடுவார். பக்கத்தில் ஒரே ஒரு கரவன், காருக்குப் பின்னால் இழுத்து வருகிற வண்டிவீடு. அதில் விக்டோரியாவிலிருந்து வந்த கென், மார்ஜ் என்ற தம்பதி, எங்கள் வயதுதான். கழிவறைப் பெட்டியை எப்படி வெளியே இழுத்துக் கொட்டுவது என்று கென் பாடம் நடத்தினார். “காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார். மற்றதெல்லாம் பிறகு,” என்றார்.

ஜூலை 22, செவ்வாய். குறிப்பில் நான் எழுதியது 23, புதன் என்று.

விடிய எழுந்து ஒரு தாளைக் கிழித்தேன். நாட்காட்டி 23 என்றது. திகதியை எழுதக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பதிவு 21. இருபத்திரண்டு எங்கே?

ஒரு நாள் முழுவதும் எழுதாமல் விட்டிருக்கிறேனா? அப்படி நடந்ததே இல்லை. குளிரில் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஞாயிறு ஊர், திங்கள் புட்டுமா. அதற்குப் பிறகு? ஒன்றும் வரவில்லை. எனக்கு எழுபத்தொரு வயது. மறதியைப் பற்றிப் படிக்கக்கூடியதெல்லாம் படித்திருக்கிறேன். இப்படித்தான் தொடங்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

பவளம் எழும்பி வந்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். “நேற்று என்ன செய்தனாங்கள்?”

“நேற்றோ? முழுக்க வான் ஓடினீங்கள், நான் முழுக்க மா கூட்டினனான். ஏன்?”

“சும்மா.”

அவள் சொன்னதை 22ஆம் திகதிக்குப் பொருத்திக்கொண்டேன். மா கூட்டி முடிக்க இரண்டு நாள் எடுத்திருக்கலாம். ஒரு பக்கம் ஒதுக்கி, ‘பயணம். பறவைப் பதிவு இல்லை’ என்று எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் துர்க்காவுக்குப் போகும். துர்க்கா வெஸ்ட்மீட் மருத்துவமனையில் தாதி. அடுத்த வாரமே என்னை ஒரு டொக்டர் முன்னால் உட்கார்த்தி, இன்று என்ன கிழமை என்று கேட்க வைப்பாள்.

அன்று பார்த்த பறவைகள் நான் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே சிறந்தவை. இளஞ்சிவப்பு உடம்பும் நெருப்புக் கொண்டையுமாக முப்பத்துநான்கு கொக்கட்டூக் கிளிகள். தரையில் படர்ந்த காட்டுக் கொம்மட்டிக் காய்களைக் காலால் பிடித்துப் பிளந்து விதை தின்றன. சாம்பல் நிறத்தில் ‘அப்போஸ்தலர் பறவை’ என்று ஒன்று. இயேசுவின் சீடர்களைப் போலப் பன்னிரண்டு பன்னிரண்டாகத் திரியும் என்பதால் அந்தப் பெயர். சத்தமும் சண்டையும் அச்சாக எங்களூர்ப் புலுனிக் குருவி. நான் எண்ணியபோது பதினொன்று இருந்தன. பிறகு பதின்மூன்று. அன்று நான் எதையும் இரண்டு தடவை எண்ணினேன்.

ஜூலை 23, புதன். எங்கள் கணக்கில் வியாழன், ஆடி அமாவாசை.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன். கிழக்கே, விடியல் வெளிச்சத்துக்கு மேல், நகத்துண்டு போல ஒரு நிலவு.

அமாவாசையன்று நிலவு தெரியக்கூடாது. கண்ணாடியைத் துடைத்தேன். தொலைநோக்கியால் பார்த்தேன். நிலவுதான்.

“பவளம், நிலவு தெரியுது.”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “இந்த நாட்டில அது தலைகீழாத்தானே நிக்கும். எல்லாம் அப்பிடித்தான். கதவைச் சாத்துங்கோ, குளிருது.”

யாழ்ப்பாணத்துக்கும் இங்கும் நேர வித்தியாசம் நாலரை மணியா, நாலு மணியா? சிட்னிக்கு நாலரை. இந்த ஊருக்கு நாலு. கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டேனா? எப்படிப் போட்டாலும் நிலவு மறையவில்லை. குறிப்பில் ‘6.10, பிறை?’ என்று கேள்விக்குறியோடு எழுதினேன். இன்னும் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் முதல் நாள் பயம் போகவில்லை. ‘திகதி பிழையோ’ என்று வாயைத் திறந்தால் அந்தப் பக்கத்தையும் காட்டவேண்டி வரும்.

அன்று பார்த்து வானில் சுடுதண்ணீர் வரவில்லை. வெளியே இரண்டு பாகை. பவளம் பச்சைத் தண்ணீரில் தலை முழுகினாள். பல்லுக் கிட்டிக்கொண்டே இரண்டு அடுப்பில் ஏழு கறி வைத்தாள். காத்தோட்டிக்காய் முழுவதையும் போட்டாள். மத்தியானம் வாழையிலையில் அப்பாவின் படத்துக்கு முன் படைத்து, ஒரு பிடி சோற்றைப் பண்ணை வேலிக் கட்டையில் வைத்தோம். வேலியில் ஒரு பெரிய கறுப்புப் பறவை அதற்கு முன்பே காத்திருந்தது. கை எடுக்க முதல் இறங்கியது.

“பாத்தீங்களே!” என்றாள். முகம் அப்படி மலர்ந்ததை நான் கண்டு கனகாலம்.

“இது காகமோ, ரேவன் எண்ட அண்டங்காகமோ தெரியேல்லை. சிறகின் அடி வெள்ளையோ சாம்பலோ எண்டு பாக்கவேணும்,” என்றேன்.

“கறுப்பெண்டால் காகம். எழுதுங்கோ.”

எழுதினேன்: ‘24, வியாழன், ஆடி அமாவாசை. காகம் 1.’

ஜூலை 24, வியாழன். எங்கள் நாட்காட்டியில் 25, வெள்ளி.

வெள்ளி என்பதால் பவளம் மறுபடியும் தலை முழுகினாள். இம்முறை கென் வந்து குழாயில் ஏதோ தட்ட, சுடுதண்ணீர் வந்தது. பத்து மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி மார்ஜ் அழைத்திருந்தார். அதனால் இருவரும் வெறும் தேத்தண்ணியோடு போனோம்.

கென் தகட்டடுப்பில் சொசேஜ் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றைப் பாணில் வைத்து நீட்டினார். பவளம் கையெடுத்து மறுத்தாள். “மன்னிக்கவேண்டும். வெள்ளிக்கிழமையில் நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை.”

“அது வெள்ளிக்கிழமைப் பிரச்சினை. இன்று வியாழன்தானே,” என்றார் மார்ஜ்.

“இல்லை, வெள்ளி,” என்றேன் நான். திகதி விடயத்தில் நான் அப்படித்தான்.

கென் கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளே போய் அவருடைய மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஏழு கட்டம், ஏழு நாள். வியாழன் கட்டம் காலி. வெள்ளியில் ஐந்து மாத்திரை அப்படியே இருந்தன. “இதில் நான் பிழை விட்டால் இவள் என்னைப் புதைத்துவிடுவாள்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நண்பா, உனக்கு ஒரு நாள் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. சந்தோஷப்படு,” என்றார்.

நான் பவளத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து வானுக்கு நடந்தாள்.

வானுக்குள் இழுப்பறையைத் திறந்து தொலைபேசியை எடுத்து இயக்கினேன். சிக்னல் இல்லை. ஆனால் திகதி இருந்தது. வியாழன், 24.

“அப்ப நேற்று?” என்றாள்.

“சதுர்த்தசி.”

அவள் கட்டிலில் இருந்துவிட்டாள். “இத்தினை வருசமும் ஒரு நாள் பிசகேல்லை. உங்களைக் கேட்டுத்தானே பிடிச்சனான். அந்தச் செத்தவீட்டுக்கும் போகேல்லை, இதையும்...”

நான் பறவைப் புத்தகத்தை எடுத்தேன். கிழித்த தாள்களை எறிவதில்லை. அன்றன்று முதலில் பார்த்த பறவையின் பக்கத்தில் அடையாளமாக வைப்பது என் வழக்கம். எண்ணினேன். இருபது இருந்தது. இருபத்திரண்டு இருந்தது. இருபத்தொன்று இல்லை.

“நீர் கலண்டர் கிழிச்சனீரோ?”

“நான் ஏன் கிழிக்கிறன்? நீங்கள்தானே...” நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் குனிந்து மடக்கு மேசையின் காலுக்குக் கீழே கையை விட்டாள். திங்கட்கிழமை மேசை ஆடுகிறது என்று அதற்கு முண்டு கொடுத்திருந்தாள். எட்டாக மடித்த ஒரு தாள். விரித்தோம். ஜூலை 21, திங்கள்.

“விளக்குக் கொளுத்திப்போட்டுக் கிழிச்சனான் போல. கண்ணாடியும் போடேல்லை. கை தன்ரபாட்டில போயிருக்கு.” தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நான்தான் கெடுத்தனான்.”

அந்தப் பழி அவளிடம் போய் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து 22ஆம் பக்கத்தை அவள் முன் வைத்தேன். நாள் காணாமல் போனது எனக்குச் செவ்வாயே தெரியும் என்றேன். என் மூளைதான் போகிறது என்று பயந்து மறைத்தேன் என்றேன். அன்றைக்கே கேட்டிருந்தால் இரண்டு பேருமாகக் கண்டுபிடித்திருப்போம்.

பவளம் அந்த ஒற்றை வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

“உங்கட மூளைக்கு ஒண்டும் இல்லை. வாய்க்குத்தான் வருத்தம்,” என்றாள். பிறகு, “இப்ப மணி என்ன?”

“பத்தே முக்கால். சிட்னியில பதினொண்டேகால்.”

“எந்த மணியெண்டாலும் மத்தியானம் ஆகேல்லை. இண்டைக்கு வாயில தேத்தண்ணி மட்டும்தான் வைச்சனான். தலை முழுகியாச்சு. மச்சமும் தொடேல்லை.” எழுந்து சேலையைச் செருகினாள். “வெள்ளிக்கிழமை எண்டு நினைச்சதால வியாழக்கிழமை தப்பிச்சுது. அரிசியை எடுங்கோ.”

இலை ஒன்று மிச்சம் இருந்தது. காத்தோட்டிக்காய் இல்லை. நான் கரவனுக்குப் போய், கசப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

“பியர்,” என்றார் கென்.

மார்ஜ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். வீட்டு மரத்து ஒலிவ் காய்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டது. இன்னும் கசப்பு இறங்கவில்லை. “எட்டு மாதமாக இவர் ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. எதற்கு என்று சொல்,” என்றார். சொன்னேன். போத்தல் முழுவதையும் தந்தார்.

பவளம் ஒன்றைக் கடித்து முகத்தைச் சுளித்தாள். “காணும்,” என்றாள். கத்தரிக்காய் இல்லை, உருளைக்கிழங்கும் பருப்பும் பீட்ரூட்டும் ஒலிவுமாக நாலு கறி. ஒலிவ் வறையின் சுவையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. விரதச் சோறு.

சோற்றை அதே கட்டையில் வைத்தோம். காகம் வரவில்லை. பத்து நிமிடம், கால் மணி. நான் பவளத்தின் பக்கம் திரும்பாமல் வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கென்னும் மார்ஜும் கரவன் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

வந்தவை அப்போஸ்தலர் பறவைகள். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றன. எண்ணினேன். பன்னிரண்டு.

“காகம் வரேல்லையே,” என்றேன்.

“அது நேற்றே வந்திட்டுதே.” பவளம் கட்டையைத் தடவி, ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டிவிட்டாள். “ஆறரை ரயிலுக்கு நாலரைக்குப் போற மனுசன் அமாவாசைக்கு முதல் நாளே வந்து நிண்டிருப்பார்தானே. இண்டைக்கு அவரின்ர சினேகிதர்மார். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டிக்கொண்டு வாற பழக்கம் அப்பாவுக்கு எப்பவும் இருந்தது. நாங்கள் சாப்பிடுவம், வாங்கோ.”

அவள் அதை நம்பித்தான் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. இரண்டு தடவை போட்டுக்கொண்டாள் என்பது மட்டும் பதிவு.

ஜூலை 25, வெள்ளி. உண்மையான வெள்ளி. நகரத்துக்குத் திரும்பும் வழியில் சிக்னல் வந்ததும் பவளத்தின் தொலைபேசி அலறியது. துர்க்கா.

“அம்மா, அமாவாசை ஓக்கேயா? அப்பா டேட் கரெக்டாச் சொன்னவரா?”

“ஓம் பிள்ளை. ரெண்டு தரம் பிடிச்சனான்.”

“வாட்?”

“வந்து சொல்லுறன். வை.”

எரிபொருள் நிலையத்தில் நிறுத்தியபோது குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன். 23ஐ வெட்டி 22 என்று எழுதினேன், புதனை வெட்டிச் செவ்வாய். அடுத்த பக்கம் திருப்பினேன். ‘24, வியாழன், ஆடி அமாவாசை. காகம் 1.’ பேனாவை வைக்கப் போனபோது பவளத்தின் கை குறுக்கே வந்தது.

“அதை வெட்டாதேங்கோ.”

“அண்டைக்குப் புதன்.”

“இருக்கட்டும்.”

வெட்டவில்லை. ஆகவே என் புத்தகத்தில் அந்த வாரத்துக்கு இரண்டு 24ஆம் திகதிகள் இருக்கின்றன. ஒன்றில் காகம் ஒன்று, மற்றதில் அப்போஸ்தலர் பன்னிரண்டு. 22க்கும் இரண்டு பக்கம். அந்த ஒற்றை வரிப் பொய்யையும் நான் கிழிக்கவில்லை. நாட்காட்டி மறுபடி ஹோம்புஷ் குசினிச் சுவரில் தொங்குகிறது. காலையில் பவளம்தான் கிழிக்கிறாள். கிழித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறைப் பக்கம் திரும்பித் திகதியை உரக்க வாசிக்கிறாள். “கேட்டதோ?” என்கிறாள். “ஓம்” என்று நான் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.